கோமாரித் தடுப்பூசி: கட்டுத்தறியில் நின்று ஒரு மதிப்புரை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊருக்குள் வந்து இலவசமாகப் போட்டுச் செல்லும் கோமாரித் தடுப்பூசியைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தால், முகாம் நடக்கும் நாள், தொடக்கி வைத்தவர் பெயர், இலக்கு எண்ணிக்கை ஆகியவைதான் கிடைக்கின்றன. அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது, ஏன் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் அது பழுதுபடும் என்பதை மாடு வளர்ப்பவரின் பக்கம் நின்று எழுதியவர்கள் குறைவு. பால் கறக்கும் இயந்திரம் வாங்குவதற்கு முன் பத்துப் பேரின் அனுபவத்தைத் தேடிப் படிக்கும் நாம், நம் மாட்டின் உடம்புக்குள் போகும் ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து மிக நல்ல மருந்து. ஆனால் அதன் பலன் முழுவதும் ஒரு நுண்துகள் உடையாமல் இருப்பதைப் பொறுத்தது. அந்தத் துகள் ஆலையில் உடைவதைவிட, ஆலைக்கும் நம் கட்டுத்தறிக்கும் இடைப்பட்ட வழியில் உடைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அந்தத் துகள் கொல்லப்பட்ட கோமாரி வைரஸ்தான். இதைப் புரிந்துகொள்ள அந்த வைரஸின் அமைப்பையும் அதன் வகைப்பாட்டையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரங்களில் கோமாரி கண்ட மாட்டைப் பார்க்காத குடும்பம் இருக்காது. கயிறு கயிறாக எச்சில் ஒழுகும். நாக்கின் மேல்தோல் உரிந்து வரும். குளம்புப் பிளவில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, மாடு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கும். சோளத்தட்டை முன்னால் போட்டாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். வளர்ந்த மாடுகளில் சாவு குறைவுதான். கன்றுகள் நிலை வேறு: வைரஸ் இதயத் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு புண்கூட இல்லாத கன்று திடீரென்று விழுந்து இறந்துவிடும். தேறிய மாடுகளிலும் சில, மயிர் நீண்டு வளர்ந்து, வெயில் தாங்காமல் இரைத்துக்கொண்டே காலம் தள்ளும். அவற்றின் பால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. காங்கேயம் மாட்டைவிட ஜெர்சி, எச்.எஃப். கலப்பின மாடுகளைப் பொதுவாக இந்த நோய் கடுமையாக வாட்டும். கொங்கு நாட்டின் பால் கணக்கு இன்று பெரும்பாலும் கலப்பின மாடுகளை நம்பி நிற்பதால், இந்த ஊசியின் தரம் ஒவ்வொரு வீட்டின் மாத வரவையும் நேரடியாகத் தொடும் விஷயமாகிறது. 2013-இல் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் இந்நோய் பரவியபோது கட்டுத்தறிகள் காலியானதைக் கண்டவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி பொருளுக்கு வருவோம். முகாமில் போடப்படுவது முப்பிரிவுத் தடுப்பூசி. அதாவது ஓ, ஏ, ஆசியா 1 என்னும் மூன்று வகைக் கோமாரி வைரஸ்களும் அதில் கலந்திருக்கும். மூன்றும் கொல்லப்பட்டவை. பார்வைக்குக் கெட்டியான பால்போல வெள்ளையாக இருக்கும். காரணம், வைரஸ் துகள்கள் எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தில் வைக்கப்பட்டிருப்பதுதான். எண்ணெய் அந்தத் துகள்களை ஊசி போட்ட இடத்திலேயே பிடித்து வைத்து, உடம்பின் பாதுகாப்புச் செல்களுக்குச் சிறிது சிறிதாகக் காட்டுகிறது. வளர்ந்த மாட்டுக்கு 2 மில்லி, கழுத்துத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில்தான் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. உறைந்தால் பால்மம் உடைந்து எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்துவிடும். குப்பியை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெல்ல உருட்டிய பிறகும் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும் மருந்தைப் போடவிடக் கூடாது. இது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய கெடுதல். ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத இன்னொரு கெடுதல் இருக்கிறது. அதற்குத்தான் வைரஸின் அமைப்புத் தெரிய வேண்டும்.

கோமாரி வைரஸ் ஏறத்தாழ 30 நானோமீட்டர் குறுக்களவு கொண்ட மிகச் சிறிய துகள். அம்மை வைரஸ்களோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதைச் சுற்றிக் கொழுப்பாலான மேலுறை கிடையாது. புரத உறை மட்டுமே. உள்ளே சுமார் 8,400 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை ஆர்.என்.ஏ. இருக்கிறது. அந்தப் புரத உறை வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்னும் நான்கு புரதங்களால் ஆனது; ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். முதல் மூன்றும் வெளிச்சுவராக நிற்க, நான்காவது உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கும் ஒவ்வொன்று சேர்ந்து ஓர் அலகாகின்றன. அப்படிப்பட்ட ஐந்து அலகுகள் சேர்ந்து ஐங்கோணத் துண்டு ஒன்றாகின்றன. அந்தத் துண்டுகள் பன்னிரண்டு ஒன்றோடொன்று பொருந்தி, இருபது முகங்கள் கொண்ட முழுத் துகளாகின்றன. 1989-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்ப் படிகவியல் முறையில் இதன் வடிவத்தை அணு அணுவாக வரைந்து வெளியிட்டார்கள். போலியோ வைரஸின் மேற்பரப்பில் ஆழமான பள்ளம் ஓடுவதுபோல இதில் ஓடவில்லை என்பதும், மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாக இருந்து, வி.பி.1 புரதத்தின் ஒரு வளையம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் அப்போது தெரியவந்தது.

அந்த வளையந்தான் இந்த வைரஸின் சாமர்த்தியம் முழுவதும். அதன் நுனிப்பகுதியில் ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. மாட்டின் வாய், குளம்பு போன்ற இடங்களின் மேல்தோல் செல்களில் இருக்கும் இன்டெக்ரின் என்னும் புரதத்தில், பட்டிக் கதவின் கொண்டி வளையத்தில் மாட்டிக்கொள்வதுபோல, இந்த மூன்றும் மாட்டிக்கொள்கின்றன. செல் அந்தத் துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொண்ட பையின் உட்புறம் புளிப்பேறும்; பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இறங்கியதும் பன்னிரண்டு துண்டுகளும் பிரிந்து, உள்ளே இருந்த ஆர்.என்.ஏ. வெளியே வந்துவிடுகிறது. அதாவது, எளிதில் உடைவது இந்த வைரஸின் குறைபாடு அல்ல. செல்லுக்குள் நுழைவதற்கான அதன் வழியே அதுதான். புளிப்பில் உடைவதைப் போலவே வெப்பத்திலும் அது உடையும். ஆய்வுக்கூடத்தார் மையவிலக்கில் படியும் வேகத்தை வைத்து முழுத் துகளை 146எஸ் என்றும், உடைந்த ஐங்கோணத் துண்டை 12எஸ் என்றும் குறிப்பிடுவார்கள். தடுப்பூசியின் பலன் 146எஸ் துகள்களில் இருக்கிறது. உடைந்த 12எஸ் துண்டுகளைக் கண்டு மாட்டின் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பு மிகவும் பலவீனமானது.

இங்கேதான் நான் மேலே சொன்ன, கண்ணுக்குத் தெரியாத கெடுதல் வருகிறது. வெயிலில் வைத்த குப்பியில் பால்மம் அப்படியே வெள்ளையாக இருக்கும், மணம் மாறாது, நிறம் மாறாது, லேபிளில் உள்ள காலாவதித் தேதியும் இன்னும் வந்திருக்காது. உள்ளே மட்டும் துகள்கள் துண்டுகளாகியிருக்கும். அந்த மருந்தைப் போட்டால் மாட்டுக்கு ஊசி வலியும் வீக்கமும் வரும், பாதுகாப்பு வராது. மூன்று வகைகளும் ஒரே அளவில் கெடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுவாக ஓ வகைத் துகள் ஏ வகையைவிட வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைந்தது. நம் நாட்டில் அதிகமாகக் கோமாரியை உண்டாக்குவதும் அந்த ஓ வகையேதான். எனவே குளிர் குறைந்தால் முதலில் இழப்பது நமக்கு மிகவும் தேவைப்படும் பாகத்தை. சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும்போது, பைக்கின் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவரப்பட்ட குப்பியின் கதி என்னவாகும் என்பதை இதிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

முகாமில் இந்த விஷயத்தில் நான் கண்டவரை குறை சொல்ல முடியாது. ஊசி போடுபவர் ஐஸ் கட்டிகள் அடுக்கிய பெட்டியோடு வருகிறார். ஒரு குப்பியைத் திறந்தால் அது தீரும்வரை அடுத்ததை வெளியே எடுப்பதில்லை. பெட்டியின் மூடியை ஒவ்வொரு முறையும் மூடுகிறார். காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறார். வில்லை விழுந்துபோன மாட்டுக்குப் புதிய வில்லை போட்ட பிறகே பதிவாகிறது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இந்த மருந்து முழுக்க ஒன்றிய அரசின் செலவில் வருகிறது. கோமாரிக்கும் கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸுக்குமாக அதற்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தால், எங்கள் ஊரில் பாதிக் கட்டுத்தறிகளுக்கு ஊசி போயிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

தனியார் மருந்துக் கடை ஒன்றில் நான் கண்டது வேறு. முகாம் தவறிப்போனதால் கன்றுக்காகக் குப்பி வாங்கப் போனபோது, மருந்து குளிர்பெட்டியிலிருந்துதான் வந்தது; ஆனால் அதே பெட்டியின் கதவு தண்ணீர் பாட்டில் எடுக்கவும் தயிர் வைக்கவும் திறந்து திறந்து மூடப்பட்டுக்கொண்டிருந்தது. வெப்பமானி ஒன்றும் அதில் இல்லை. மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, மருந்து பாட்டல்லதானுங்க இருக்குது" என்று பதில் வந்தது. குப்பியைப் பாலித்தீன் பையில் போட்டு நீட்டினார்கள். ஐஸ் கேட்டபோது இல்லை என்றார்கள். நான் வாங்காமல் திரும்பிவிட்டேன். கடைக்காரர் கெட்டவர் அல்லர். குப்பிக்குள் இருப்பது உடையக்கூடிய ஒரு பொருள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் தெர்மாஸ் குடுவையும் ஐஸும் நாமே கொண்டுபோவதும், கடையின் குளிர்பெட்டியில் வெப்பமானி இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

வகைப்பாட்டுக்கு வருகிறேன். இந்த வைரஸ் பிகார்னாவிரிடே என்னும் பெரிய குடும்பத்தில் அப்தோவைரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. 1898-இல் ஜெர்மனியின் லோஃப்லரும் ஃப்ராஷும், பாக்டீரியாவைத் தடுத்துவிடும் வடிகட்டியைத் தாண்டியும் கோமாரியின் கிருமி வெளியே வருகிறது என்று நிறுவினார்கள். விலங்குகளின் நோய்க்கு வைரஸ் காரணம் என்று முதன்முதலாகக் காட்டப்பட்டது இந்த நோய்க்குத்தான். நெடுங்காலம் அப்தோவைரஸ் பேரினத்தில் கோமாரி வைரஸ் ஒன்றே இருந்தது. பிறகு மரபுத்தொடரைப் படித்தறியும் வசதி வந்ததும், குதிரைகளுக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸும், மாடுகளுக்கு மூக்கொழுகலை உண்டாக்கும் இரண்டு வைரஸ்களும் இதே பேரினத்துக்கு மாற்றப்பட்டன. மனிதனுக்குச் சளி தரும் ரைனோவைரஸ்களோடு முன்பு சேர்த்து எண்ணப்பட்டவை இவை. நோயின் அறிகுறியை வைத்துப் பார்த்தால் வாயும் குளம்பும் புண்ணாகும் கோமாரிக்கும் மூக்கொழுகலுக்கும் ஒரு சம்பந்தமும் தோன்றாது. ஆர்.என்.ஏ.வின் அடுக்குமுறையை வைத்துப் பார்த்தால் உறவு தெளிவாகத் தெரிகிறது: தொடக்கத்தில் செல்லின் சொந்தப் புரத உற்பத்தியை நிறுத்தும் எல் என்னும் நொதி, நடுவில் வெகு குட்டையான 2ஏ பகுதி. 3பி என்னும் சிறு புரதத்தின் மூன்று பிரதிகளை அடுத்தடுத்து வைத்திருப்பது மட்டும் கோமாரி வைரஸுக்கே உரிய தனி அடையாளம்.

மாடு வளர்ப்பவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இரண்டு இடங்களில் இது நேரடியாக உதவுகிறது. முதலாவது, குழந்தைகள் விஷயம். 2022-இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேச்சு எழுந்து, வாளையாறு எல்லையில் கோயம்புத்தூர் வரும் வண்டிகளில் குழந்தைகளைச் சோதித்தார்கள். கை, கால், வாயில் கொப்புளம் வரும் அந்த நோயைக் கேட்டதும், மாட்டின் கோமாரிதான் குழந்தைக்குத் தொற்றிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சிலர் பயந்து, பால் வாங்குவதையே நிறுத்தினார்கள். குழந்தைகளுக்கு வருவது காக்சாக்கி வகை வைரஸ்களால்; அவை எண்டெரோவைரஸ் என்னும் வேறு பேரினம். போலியோ வைரஸும் அந்த எண்டெரோவைரஸ் பேரினத்தில்தான் வருகிறது. குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. மாட்டுக்கு வருவது அக்குழந்தைக்கு வந்தது அல்ல, குழந்தையிடமிருந்து மாட்டுக்கும் போகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாயில் கொப்புளம் வந்தால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். கட்டுத்தறியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது இடந்தான் தடுப்பூசியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது. கோமாரி வைரஸ் ஒரே சிற்றினம் என்றாலும், அதற்குள் ஓ, ஏ, சி, ஆசியா 1, சாட் 1, சாட் 2, சாட் 3 என ஏழு சீரோடைப்புகள், அதாவது உடம்பின் எதிர்ப்பை வைத்துப் பிரித்தறியப்படும் வகைகள், உண்டு. 1922-இல் பிரான்ஸில் வாலேயும் கார்ரேயும் ஓ, ஏ இரண்டும் தனித்தனி என்று கண்டார்கள். 1926-இல் ஜெர்மனியில் சி பிரித்தறியப்பட்டது. சாட் மூன்றும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளிலிருந்து வந்த மாதிரிகளில் கண்டவை. ஆசியா 1 பாகிஸ்தானில் 1954-இல் எடுத்த மாதிரியிலிருந்து அறியப்பட்டது. இந்த ஏழில் ஒன்றைக் கண்டு தேறிய மாட்டுக்கு அதனால் கிடைக்கும் எதிர்ப்பு மற்ற ஆறில் எதற்கும் உதவாது. அதனால்தான் ஒரே குப்பியில் மூன்றையும் சேர்க்கிறார்கள். சாட் வகைகள் நம் நாட்டில் இல்லை. சி வகை 1995-க்குப் பிறகு இந்தியாவிலும், 2004-க்குப் பிறகு உலகில் எங்குமே காணப்படவில்லை; எனவே முன்பு நான்கு வகைகளோடு வந்த ஊசியிலிருந்து அது நீக்கப்பட்டது. தேவையில்லாததைச் சுமக்காத இந்த ஒழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஒரு சீரோடைப்புக்குள்ளேயும் வைரஸ் அப்படியே நிற்பதில்லை. ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் அதன் நொதிக்குப் பிழை திருத்தும் திறன் இல்லை. ஒவ்வொரு பெருக்கத்திலும் எழுத்துப் பிழைகள் சேரும். அவை பெரும்பாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வி.பி.1 வளையத்தில்தான் கண்ணில் படும். நம் துணைக்கண்டத்தில் தோன்றிய ஓ வகையின் இந்த்2001 என்னும் கிளை பின்னாளில் மேற்காசியா, வட ஆப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. இந்தியத் தடுப்பூசியில் நெடுங்காலமாக ஓ வகைக்கு 1975-ஆம் ஆண்டின் மாதிரியும், ஆசியா 1-க்கு 1972-ஆம் ஆண்டின் மாதிரியும், ஏ வகைக்கு 2000-ஆம் ஆண்டின் மாதிரியும் பயன்பட்டு வந்திருக்கின்றன. அவை பழையவை என்பதாலேயே பயனற்றவை ஆகிவிடா. களத்தில் எடுத்த புதிய மாதிரிகளோடு பொருத்திப் பார்த்துத்தான் தொடர்வார்கள். ஆனால் நம் மாட்டின் வாய்ப்புண்ணிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினால்தான் அந்தப் பொருத்தத்தைப் பார்க்க முடியும். நோய் வந்ததும் வெளியே தெரியாமல் மூடி மறைப்பதும், கருங்கல்பாளையம் சந்தைக்கோ புன்செய்ப் புளியம்பட்டிச் சந்தைக்கோ ஓட்டிப்போய் விற்றுவிடுவதும் இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கேடாக முடிகிறது. புவனேசுவரத்தில் உள்ள கோமாரி ஆய்வு மையத்துக்கு மாதிரி போக வேண்டிய பாதை உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் தொடங்குகிறது.

ஆலையில் செய்யும் முறையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் ஊரில் அதிகம் கேட்கப்படும் குற்றச்சாட்டுக்குப் பதில் இருக்கிறது. ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவற்றில் வைரஸைப் பெருக்கி, பைனரி எத்திலீன் இமைன் என்னும் வேதிப்பொருளால் கொல்கிறார்கள். அந்தப் பொருள் உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்து, வெளிப் புரத உறையை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். மாட்டின் உடம்புக்குத் துகளின் உருவம் தெரிகிறது. துகளுக்குப் பெருகும் சக்தி இல்லை. "ஊசி போட்டு அஞ்சா நாளே வாய் புண்ணாயிருச்சுங்க, ஊசிலதானுங்க நோவே வந்துச்சு" என்று எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறேன். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் மாட்டுக்கு அப்படித்தான் நடந்தது. ஆனால் இந்த நோய் உடம்பில் புகுந்து வெளியே தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும்; ஊசியின் எதிர்ப்பு வலுப்பெற இரண்டு, மூன்று வாரமாவது வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் நோய் வந்த பிறகு அவசரமாக ஊசி போட்டால், ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை அது தடுக்காது. பக்கத்தில் நோய் இல்லாத நாளில் போடுவதற்காகத்தான் ஆறு மாத முறை வகுக்கப்பட்டிருக்கிறது.

பால் குறைவதைப் பற்றிய புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. ஊசி போட்ட பின் சில நாள் காய்ச்சலும் தீவனக் குறைவும் இருக்கும் மாடுகளில் பால் இறங்கும், பிறகு ஏறிவிடும். ஊசி போட்ட இடத்தில் கட்டி வருவதும் எண்ணெய் மருந்துக்கு உள்ள இயல்பு. சினை முதிர்ந்த மாடுகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மருந்தைவிட, கட்டிப்பிடித்து மிரளவைப்பதால் வரும் ஆபத்து பெரிது என்பது என் கருத்து. முகாமின் உண்மையான குறை வேறொன்று: ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குக் குத்துவதும், கால்களைக் கழுவாமலேயே ஒரு கட்டுத்தறியிலிருந்து அடுத்ததற்குப் போவதும். நோய்த் தடுப்புக்காக வருபவரின் செருப்பே நோயைத் தூக்கி வரக் கூடாது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசிமுனையை மாற்றும்படி நாம் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நான் கேட்டபோது மாற்றித்தான் போட்டார்கள். வாசலில் ஒரு தட்டில் சலவைச் சோடாக் கரைசலை வைத்து அதில் காலை நனைத்து உள்ளே வரச் சொல்லலாம். 4 விழுக்காடு சோடியம் கார்பனேட், அதாவது லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் சலவைச் சோடா, இந்த வைரஸை அழிக்கும். மேலுறை இல்லாத வைரஸ் என்பதால் சாதாரண சோப்புக்கும் சாராயத்துக்கும் இது அவ்வளவாக மசியாது. காரத்துக்கும் புளிப்புக்கும்தான் உடையும்.

பலரும் அறியாத ஒரு நல்ல அம்சம்: மருந்தைத் தூய்மை செய்யும்போது, வைரஸ் செல்லுக்குள் பெருகும் வேளையில் மட்டும் உண்டாகும் உதிரிப் புரதங்களை நீக்கிவிடுகிறார்கள். அதனால் ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் உறைப் புரதத்துக்கான எதிர்ப்பு மட்டும் இருக்கும். நோய் கண்ட மாட்டின் ரத்தத்தில் உதிரிப் புரதங்களுக்கான எதிர்ப்பும் சேர்ந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நல்ல விலைக்குக் காங்கேயம் காளை வாங்குபவர், நோய் கண்டு தேறி தொண்டையில் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும் மாட்டைத் தெரியாமல் பட்டிக்குள் ஓட்டி வராமலிருக்க, இந்த வேறுபாடு நாளை பெரிதும் பயன்படும். மாடுகளில் வைரஸ் மூன்றாண்டுகள் வரையும், ஆப்பிரிக்கக் காட்டெருமைகளில் அதற்கு மேலும் அப்படித் தங்கியிருக்கக்கூடும்.

கன்றுகள் விஷயத்தில் இந்தச் சேவை இன்னும் சரியாகவில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு ஊசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் நான்கு மாதம் நிறைந்த பிறகே முதல் ஊசி; அதற்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது; அதன் பிறகுதான் ஆறு மாதக் கணக்கு. முகாமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. முதல் ஊசி மட்டும் போட்ட கன்றுக்கு அந்த ஒரு மாதத்து இரண்டாவது ஊசி பெரும்பாலும் தவறிவிடுகிறது. காது வில்லையில் மட்டும் ஊசி போட்டதாகப் பதிவு நிற்கிறது. செம்மறியும் வெள்ளாடும் எங்கள் பகுதி முகாமில் சேர்க்கப்படுவதில்லை. அவற்றுக்கு நோய் லேசாக வந்து போவதால் யாருக்கும் தெரியாமல் கொறங்காட்டில் மாட்டோடு சேர்ந்து மேயும்போது பரவுகிறது. முதல் ஊசி போட்ட தேதியைக் கட்டுத்தறிச் சுவரில் எழுதி வைத்து, முப்பதாம் நாள் கன்றை நாமே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனால் இரண்டாவது ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். கேட்டுப் போகிறவர்களுக்கு மருந்து இருப்பில் இருக்கும் காலம் முகாம் முடிந்த அடுத்த சில வாரங்கள்தான் என்பதால், முகாம் நடக்கும் நாளிலேயே மருத்துவரிடம் சொல்லி வைத்துவிடுவது நல்லது.